ஊசி மிஸ்ஸும் பச்சைக் கோப்பும்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் அண்ணரின் வீட்டுப் படலையைத் திறந்ததும் நான் முதலில் கண்டது, ஒரு நாய்க்கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மனிதக் கால்கள். குதிக்கால்கள் வெடித்திருந்தன. வலது பெருவிரலில் பழைய பிளாஸ்டர். பிளாஸ்டரை வைத்துத்தான் அவை அண்ணரின் கால்கள் என்று அறிந்தேன். முழங்காலுக்கு மேற்பட்ட அண்ணர் முழுவதும் கூட்டுக்குள் இருந்தார்.

பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், மெலிந்தவர். பருத்திச் சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் சப்பாத்து. மடியில் பழைய பிஸ்கட் தகரம். கண் கைக்கடிகாரத்தில்.

“மிஸ், மூச்சு முட்டுது” என்றது கூடு.

“முட்டாது அண்ணை. பக்கத்துக்குப் பதினெட்டு ஓட்டை கிடக்கு. எண்ணிக்கொண்டு கிடவுங்கோ. இன்னும் ஏழு நிமிசம்.”

கூடு யாருக்காக வாங்கப்பட்டதோ அந்த நாய் முருங்கையடியில் படுத்திருந்தது. தன் எசமானின் கால்களை ஒருமுறை பார்த்தது. பிறகு படலைக்கு வெளியே படுத்திருந்த, எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப்போலத் திரியும் மான்களைப் பார்த்தது. இரண்டிலும் புதினம் எதையும் காணாமல் கண்ணை மூடிக்கொண்டது.

என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“நாய் முப்பது மணித்தியாலம் இதுக்குள்ள கிடக்கப்போகுது. சொந்தக்காரர் அரை மணித்தியாலம் கிடந்து பார்த்தால்தான் நான் சொல்லுறதைக் கேப்பினம். நீங்கள் ஆர், தம்பிக்காரரோ? வாங்கோ, அடுத்தது நீங்கள்.”

எனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொன்னேன்.

“பேப்பரில எழுதுறவர் எண்டு அண்ணை சொன்னவர். பொய் சொல்லத் தெரியாத பேப்பர்காரரை இப்பதான் காணுறன்.”

இப்படித்தான் ஊசி மிஸ் எனக்கு அறிமுகமானார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய சம்பளப் பட்டியலில் மட்டும் பயன்பட்டது. அரசாங்கக் கால்நடை வைத்தியர் கந்தோரில் ஆடு, மாடு, நாய்களுக்கு ஊசி போடும் வேலையில் நீண்டகாலம் இருந்து இளைப்பாறியவர். அதன் பிறகு லிங்கநகரில் இருந்த தன் வீட்டில் ஒரு தொழிலைத் தொடங்கினார். வெளிநாடு போகும் மிருகங்களை ஆயத்தம் செய்வது. பெயர்ப்பலகை இல்லை. பெயர்ப்பலகை எழுத வந்தவனிடம், “வாறவைக்கு என்னைத் தெரியும், தெரியாதவை வரத் தேவையில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளிடம் போய்ச் சேரும் குடும்பங்கள் வந்தன. நிலாவெளிக் கரையில் இரண்டு கிழமை படுத்திருந்து, அங்கு திரிந்த நாயொன்றில் பாசம் வைத்துவிட்டு, விமானம் ஏற நான்கு நாள் இருக்கும்போது அழுதுகொண்டு வரும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். உட்துறைமுகத்தில் பாய்மரப் படகைக் கட்டிவிட்டு, பூனையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்படி வந்த பூனைகளில் ஒன்று ஊசி மிஸ்ஸிடமே நின்றுவிட்டது. ஊசி போட்டு, காகிதம் எல்லாம் எடுத்த பிறகு பூனை மீன் சந்தைக்குள் ஓடிவிட்டது. மூன்று நாள் தேடினார்கள். காற்று மாறப்போகிறது, இனியும் நிற்க முடியாது, அடுத்த வருடம் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிப் படகுக்காரர்கள் போய்விட்டார்கள். நான்காம் நாள் பூனை வந்தது. படகுக்காரர்கள் வரவில்லை. கரிக்கறுப்பான அந்தப் பூனைக்கு அவர் வைத்த பெயர் வெள்ளைக்காரி.

ஒவ்வொரு மிருகத்துக்கும் இரண்டு கோப்புகள் திறப்பார். சிவப்பு, போவதற்கு. பச்சை, திரும்பி வருவதற்கு. பச்சையை முடிக்காமல் சிவப்பைத் தொடமாட்டார். இதுதான் அவருடைய தொழில்முறை. பார்க்கப்போனால் அவருடைய குணம் முழுவதும் இதுதான். அவருடன் எல்லோருக்கும் வந்த சண்டையும் இதில்தான் தொடங்கியது.

“நாங்கள் திரும்பி வரப்போறதில்லை மிஸ். அங்கேயேதான்” என்பார்கள் ஆட்கள், கொஞ்சம் பெருமையாக.

“நீங்கள் வராட்டி விடுங்கோ. உங்களை ஆர் கேட்டது? நாயிட்டக் கேட்டனீங்களோ?”

ஒரு சீமெந்து வியாபாரி சடைநாய்க் குட்டியொன்றைக் கொண்டு வந்ததை நான் நேரில் பார்த்தேன். பயணத்துக்கு நாள் கிட்டிவிட்டது, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட திகதியை இரண்டு கிழமை முன்னுக்குத் தள்ளி எழுதித் தரவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஊசி மிஸ் அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

“உங்கட கலியாணத் திகதியை வேணுமெண்டால் மாத்தித் தாறன். பிள்ளையிட பிறந்த திகதி? அதுவும் மாத்தலாம், ஆக்களைத் தெரியும். இந்தக் குட்டியிட காகிதத்தில மட்டும் கை வைக்கச் சொல்லாதேங்கோ.”

“ஒரு நாய்க்கு ஏன் மிஸ் இவ்வளவு?”

“ஓம், நாய்தானே. அது பொய் சொல்லாது. அதிட காகிதமும் சொல்லக்கூடாது.”

மனிதர்களிடம் பொய் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. விமானச் சத்தம் பழக்குவதற்காக நாய்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சீனன்குடாப் பக்கம் போவார். விமானத்தள வேலியோரம் வாகனம் நிறுத்தக்கூடாத இடம். அங்கேதான் ஓட்டோ பழுதாகும். சாரதி இறங்கிப் பின்பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பான். விமானம் ஒன்று எழும்பி மேலே போகும். நாய் நடுங்கும். மிஸ் அதன் வாயில் ஒரு துண்டு கருவாடு வைப்பார். மூடி சாத்தப்படும். ஓட்டோ திருந்திவிடும். ஆறாம் தடவையோ ஏழாம் தடவையோ, காவலுக்கு நின்ற சிங்களப் பொடியன் கிட்ட வந்து, தெரிந்த தமிழில் சொன்னானாம்: “அம்மா, இந்த ஓட்டோ சரியில்லை. வித்துப் போடுங்க.”

“தம்பி சொல்லுறது சரி. நாய்க்கும் அதுதான் விருப்பம்” என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த கிழமை அதே ஓட்டோ அதே இடத்தில் பழுதாகியது.

அண்ணரின் கதைக்கு வருகிறேன். அண்ணர் காணிப்பதிவுக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அண்ணி காலமான பிறகு தனியே இருந்தார். தனியே என்று சொல்வது பிழை. நாய் இருந்தது. காலை எட்டு மணிக்குப் படலையடியில் வந்து குந்தி, மாலை நாலே காலுக்கு எழும்பிப் போகும். இடையில் யார் வந்தாலும் ஏனென்று கேட்காது. அதனால் அதற்கு அண்ணர் வைத்த பெயர் கிளாக்கர்.

அதற்கு முந்திய வருடம் அண்ணர் குளியலறையில் வழுக்கி விழுந்து நாலு மணித்தியாலம் கிடந்தார். அன்றைக்குக் கிளாக்கர் கந்தோர் நேரத்தை மீறிக் குரைத்தபடியால்தான் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கனடாவில் இருக்கும் அண்ணரின் மகளுக்கு இது தெரிய வந்ததும், அப்பா உடனே வெளிக்கிட வேண்டும் என்றாள். நாயை விட்டு வரமாட்டேன் என்றார் அண்ணர். அப்படியென்றால் நாயையும் கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு வருடத்துக்குத்தான் என்றார். ஓம் அப்பா, ஒரு வருடம் என்றாள். அந்த ‘ஓம்’ எனக்கே நம்பும்படி இருக்கவில்லை.

ஊசி மிஸ் போனைக் காதில் வைத்துக் கதைப்பதில்லை. பிஸ்கட் தகரத்தின் மேல் வைத்து ஒலியைக் கூட்டிவிடுவார். கை இரண்டும் வேலையாக இருக்கும். ஒருநாள் நான் லிங்கநகருக்குப் போயிருந்தபோது மகளின் அழைப்பு வந்தது.

“மிஸ், ஒரு விசயம். அப்பாட்டச் சொல்லாதேங்கோ. கனடாவுக்கு ஒரு ஊசித் துண்டு காணும். நீங்கள் நாயிட தோலுக்குள்ள ஏதோ சிப் போடுறீங்களாம், பேராதனைக் கால்நடைத் திணைக்களத்துக்கு விண்ணப்பமாம், அது இதெண்டு அப்பா சொல்லுறார்.”

“அது திரும்பி வாறதுக்குப் பிள்ளை. போறது லேசு. வாறதுதான் பாடு.”

“அதுதான் மிஸ். அந்த வாற காகிதம் ஒண்டும் வேண்டாம். நாய் வர ஏலாதெண்டால் அப்பாவும் வரமாட்டார். இஞ்சயே இருந்திடுவார். அவர் திரும்பவும் அங்க தனிய விழுந்து கிடந்தால் நான் என்ன செய்யிறது? பதினாறு மணித்தியாலம் பறந்து வந்து தூக்கிறதோ?”

அழத் தொடங்கினாள். அவள் சொன்னதில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

“ஓம் பிள்ளை. நல்லா விளங்குது. நீங்கள் அழாதேங்கோ. நான் ஒண்டும் செய்யேல்லை” என்றார் ஊசி மிஸ். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோப்பில் மூன்றாவது தாளுக்குத் துளை போட்டார்.

போன் அணைந்ததும் நான் துளை போடும் கருவியைப் பார்த்தேன்.

“என்ன பார்க்கிறீங்கள்? பிள்ளை அழுதது. ஆறுதல் சொன்னனான்.”

“பொய்யல்லோ சொன்னீங்கள்?”

“தம்பி, போறதோ விடுறதோ அண்ணையிட விருப்பம். இருக்கப்போறாரோ, இருக்கட்டும். ஆனால் இருக்கிறவன் வேற, மாட்டுப்பட்டுக் கிடக்கிறவன் வேற. அதுக்கு நான் காகிதம் செய்யமாட்டன்.”

பிறகு, கேட்காமலே, ஒரு கதை சொன்னார். சண்டைக் காலத்தில் தாய் தகப்பனோடு படகேறி இந்தியாவுக்குப் போனவர். ஒரு கிழமைக்கு என்றுதான் போனார்கள். முகாமில் பதினொரு வருடம். திரும்பப் பதிவு செய்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர், “நீ அந்த ஊர் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டாராம். அடையாள அட்டை கடலில் போய்விட்டது. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு துண்டு மட்டும் இருந்தது. ஆட்டுக்கு ஊசி போட்டதற்குத் திருகோணமலைக் கால்நடை வைத்தியர் கொடுத்த துண்டு. ஆட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவருடைய பெயரும் விலாசமும், கீழே அரசாங்க முத்திரையும் இருந்தன.

“அதை வைச்சுத்தான் வந்தனான். எனக்கு ஆள்பிணை நிண்டது ஒரு ஆடு” என்றார். பிறகு நாலாவது தாளுக்குத் துளை போட்டார்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒத்திகை வைத்தார். கூட்டை வான் வண்டியில் ஏற்றி, எண்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஹபரணை வரைக்கும் போய்த் திரும்புவது. கிளாக்கர் அதற்குள் மூன்று கிழமையாகக் கூட்டுக்குள்ளேயே சாப்பிட்டு, கூட்டுக்குள்ளேயே படுத்துப் பழகியிருந்தது. ஒத்திகைக்காக ஊசி மிஸ் கேட்டது ஒன்றுதான்: அண்ணர் உடுத்துத் தோய்க்காத சாரம் ஒன்று, கூட்டுக்குள் விரிப்பதற்கு.

சாரத்தைக் கொண்டு வரும் பொறுப்பு என் மனைவிக்கு. அவள் எதையும் தோய்ப்பவள். எங்கள் வீட்டில் தோய்க்கப்படாத துணி என்பது உடம்பில் இருக்கும் துணி மட்டும்தான். அண்ணரின் சாரத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் அலசி, காயவைத்து, அயன் பண்ணி, மடிப்புக் கலையாமல் கொடுத்துவிட்டாள்.

பாதிவழியில் இருக்கும் கந்தளாய் தாண்டவில்லை, உள்ளே சத்தம் தொடங்கியது. ஹபரணையில் திறந்தபோது கிளாக்கரின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. முன்கால் நகம் இரண்டில் இரத்தம். நான் அந்த நாயை அப்படிப் பார்த்ததில்லை. அண்ணர் வீதியோரத்தில் குந்திவிட்டார். “நான் போகேல்லை. டிக்கற்றைக் கிழிச்சுப் போடுங்கோ” என்றார்.

ஊசி மிஸ் சாரத்தை எடுத்து மணந்து பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் நேரே எங்கள் குசினிக்குள் போனார்.

“இதைத் தோய்ச்சது ஆர்?”

“நான்தான் மிஸ்” என்றாள் மனைவி. “ஊத்தைச் சாரத்தை எப்பிடி வெளிநாட்டுக்குக் குடுத்து விடுறது? கனடாவில திறந்து பார்க்கிறவன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?”

“தங்கச்சி, கனடாக்காரன் உங்களைப் பற்றி நினைக்கவே மாட்டான். நாய்தான் நினைக்கும். அது மூக்கால வாசிக்கிறது. ‘நான் இருக்கிறன், பயப்பிடாதை’ எண்டு அண்ணர் அதுக்கு ஒரு கடிதம் எழுதி வைச்சார். நீங்கள் கடிதத்தைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு, அயனும் பண்ணிக் குடுத்திருக்கிறீங்கள்.”

மனைவி சாரத்தை வாங்கி ஒருமுறை மணந்து பார்த்தாள். சவர்க்காரம்தான் மணத்தது.

தண்டனை அண்ணருக்குத்தான் கிடைத்தது. ஐந்து நாள் ஒரே சாரம். இரவும் பகலும். மாசிக் கருவாடு வெட்டினாலும் அதோடு, தோட்டம் கொத்தினாலும் அதோடு. மூன்றாம் நாள் மனைவி அவருக்கு விறாந்தையில் சோறு போட்டாள். ஐந்தாம் நாள் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். ஆறாம் நாள் அந்தச் சாரத்தை விரித்து இரண்டாம் ஒத்திகை நடந்தது. ஹபரணையில் கூட்டைத் திறந்தால் கிளாக்கர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் காளி கோயிலில் நாய்க்கு ஒரு அர்ச்சனை செய்யவேண்டும் என்றார் அண்ணர். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அண்ணருக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த ஊசி மிஸ், “ஆயிலியம் எண்டு போடுங்கோ ஐயா. மாமியாருக்குத்தான் ஆகாது. இவனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை” என்றார். ஐயர் சிரிக்காமல் அர்ச்சனை செய்தார். விபூதியைக் கிளாக்கர் நக்கிவிட்டது.

பச்சைக் கோப்பை ஊசி மிஸ் அண்ணரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தார். “போறவரிட்டக் குடுத்தால் அங்க எடுத்து ஒளிச்சுப்போடுவினம். வீட்டில இருக்கிற ஆளிட்டத்தான் இருக்கோணும்.” உள்ளே நாயை மீண்டும் நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான விண்ணப்பம் இருந்தது. எல்லாம் நிரப்பி, அண்ணர் கையெழுத்து வைத்திருந்தார். திகதி போடும் இடம் மட்டும் வெறுமை.

கனடாவிலிருந்து அண்ணர் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார். முதல் மாதங்களில் எல்லாம் புதினம். “முப்பத்திரண்டு வருசம் காணி உறுதியில கையெழுத்து வைச்ச கையால இப்ப நாய்ப்பீ அள்ளுறன். அள்ளாட்டித் தண்டமாம்.” இன்னொருமுறை: “இஞ்ச மான் பார்க்கிறதெண்டால் டிக்கற் எடுத்துக் காருக்குள்ள இருந்து பார்க்கோணும். கிளாக்கருக்கு விளங்கேல்லை. பஸ் ஸ்ராண்டில தேடுது.” மாரி தொடங்கியதும் கதை குறைந்தது. நிலத்துக்குக் கீழே இருக்கும் கீழ்வீட்டு அறை, ஒரு சின்ன யன்னல், யன்னலுக்கு மேலே பனி. வருவதைப் பற்றிக் கேட்டால், மகள் பார்க்கிறாள், டிக்கற் விலை கூடவாம் என்பார். நாய்க்கு நாள் முழுக்க நித்திரை என்று சொன்னார். தனக்கும் என்றார்.

பத்து மாதம் கழிந்து ஒருநாள் காலை ஊசி மிஸ் எங்கள் படலையில் நின்றார். “இன்னும் இருபத்தாறு நாள் கிடக்கு. விசர்நாய் ஊசி ஒரு வருசத்துக்குத்தான். ஒரு நாள் பிந்தினால் பச்சை பைல் அடுப்பெரிக்கத்தான் உதவும்.”

போன் எடுத்தோம். மகள்தான் எடுத்தாள். அடுத்த கிழமை கொண்டு போகிறேன் சித்தப்பா என்றாள். அடுத்த கிழமை, பனி என்றாள். அதற்கடுத்த கிழமை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். நாள் எட்டாகக் குறைந்தபோது, அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து ஊசி மிஸ் அண்ணரை அழைத்தார். போன் பிஸ்கட் தகரத்தின் மேல் இருந்தது.

“அண்ணை, ஒரே கேள்வி. இருக்க விருப்பமோ, வர விருப்பமோ? இருக்க விருப்பமெண்டால் நான் போனை வைக்கிறன். கோவமில்லை.”

அங்கே கதவொன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணர் சொன்னார்: “மிஸ், இஞ்ச எனக்கு ஒரு குறையுமில்லை. நான் வரோணும்.”

“அப்ப கூட்டிட அடித்தட்டைக் கழட்டுங்கோ.”

தட்டுக்கும் கூட்டின் அடிக்கும் இடையில், தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. ஊசி போட்ட விபரம், சிப் இலக்கம், அடுத்த ஊசி போடவேண்டிய கடைசி நாள். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி: எந்த மிருக வைத்தியருக்கும். இந்த நாய்க்கு இந்த நாளுக்கு முன் ஊசி போட்டு, இந்தக் காகிதத்தில் முத்திரை வைத்துத் தரவும். கொண்டு வருபவர் வயதானவர்; அவருக்கு ஒரு கதிரை கொடுக்கவும்.

பத்து மாதமாகக் கிளாக்கர் அதன் மேல்தான் படுத்திருந்தது.

மறுநாள் அண்ணர் கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு, அயலவர் ஒருவரிடம் வழி கேட்டு எழுதிய துண்டோடு, பனிக்குள் ஒன்றரை மணித்தியாலம் நடந்து போனார். ஊசி போடப்பட்டது. கதிரையும் கொடுத்தார்களாம். ஒன்றரை மணித்தியாலம் நடந்து திரும்பி வந்தார். முத்திரை வைத்த காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அன்றிரவு மகள் என்னை அழைத்தாள். நான் ஏச்சு வாங்க ஆயத்தமாக இருந்தேன்.

“அப்பா தனியப் போயிருக்கிறார் சித்தப்பா. பனியில. விழேல்லை. வழி பிசகேல்லை. இங்கிலீசில கதைச்சு எல்லாம் முடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார். இனி நான் அவரை ஏலாத மனிசன் எண்டு எந்த வாயால சொல்லுறது?” கொஞ்சம் அழுதாள். பிறகு கேட்டாள்: “அந்த மிஸ் அந்தக் காகிதம் ஒண்டும் செய்யேல்லை எண்டுதானே எனக்குச் சொன்னவ?”

“ஓம்” என்றேன்.

“சரியான கள்ளி” என்றாள். டிக்கற்றை அவள்தான் எடுத்தாள். அண்ணர் வீட்டுக் குளியலறைச் சுவரில் கைபிடிக் கம்பி பூட்டவேண்டும், அது தவிர தினமும் இரண்டுதரம் நான் போய்ப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. விண்ணப்பத்தில் திகதியைப் போட்டு நான் பேராதனைக்கு அனுப்பினேன்.

அவர்கள் வந்த நாள், வான் படலையடியில் நின்றபோது காலை பத்து இருபது. ஊசி மிஸ் முதலே வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கூட்டைத் திறந்து, கிளாக்கரின் மூக்கை ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல்முரசை அழுத்திப் பார்த்தார். பச்சைக் கோப்பின் கடைசித் தாளில் ஒரு சரி போட்டார். அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

“ஓ, நீங்களும் வந்திட்டீங்களோ அண்ணை?”

கிளாக்கர் படலைக் கம்பத்தில் சிறுநீர் கழித்துவிட்டு, மான்களைப் பார்த்து ஒரு வருடத்துக்கான குரைப்பையும் குரைத்து முடித்தது. பிறகு தன் இடத்தில் குந்தியது. நாலே காலுக்கு எழும்பிப் போனது.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடத்தில் ஊசி மிஸ்ஸின் மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து அழைத்தான். மருமகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, மூன்று மாதத்துக்கு வந்து நிற்கவேண்டும். வெள்ளைக்காரியைக் கொண்டுபோக வழியுண்டா என்று விசாரித்துப் பார்த்தார். எங்கள் நாட்டிலிருந்து நேரே வரும் பூனையை அந்த நாடு எடுப்பதில்லை.

“பூனையை விடமாட்டினமாம். என்னை விடுகினமாம். என்ன நாடப்பா அது” என்றார்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அண்ணர் வீட்டுக்கு வந்தார். பூனையை ஓலைக் கூடையில் கொண்டுவந்திருந்தார். அண்ணர் நாய்க்கூட்டை எடுத்து, கதவைக் கழற்றி, விறாந்தை மூலையில் வைத்துக் கொடுத்தார். கிளாக்கர் வந்து பூனையை மணந்து பார்த்து, தன் வேலை நேரம் முடிந்துவிட்டது என்பதுபோல் போய்விட்டது. ஊசி மிஸ் என்னிடம் ஒரு பச்சைக் கோப்பைத் தந்தார். அதில் அவருடைய கடவுச்சீட்டின் பிரதி, திரும்பி வரும் டிக்கற்றின் பிரதி, வீட்டுத் திறப்பு, மின்சாரத்தை மீண்டும் கொடுக்கும்படி எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு கடிதம் என்பன இருந்தன. கடிதத்தில் திகதி இல்லை.

“உங்களுக்குமோ மிஸ்?” என்று அண்ணர் கேட்டார்.

“ஏன், எனக்கு ஆடு வந்து பிணை நிக்குமோ இனி?”

பிறகு தோளில் தொங்கிய பையிலிருந்து சுருட்டிய பருத்திச் சேலை ஒன்றை எடுத்தார். ஐந்து நாள் உடுத்த சேலை. அதைக் கூட்டுக்குள் விரித்து, நாலு மூலையும் தட்டிவிட்டார். வெள்ளைக்காரி ஏறிப் படுத்தது. அவர் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“விளங்கினது மிஸ்” என்றாள் மனைவி.

அவர் போய் இந்தப் பங்குனியோடு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகின்றன. மகனுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது. இடைக்கிடை போனில் கதைப்பார். பூனையின் ஊசித் திகதியைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பச்சைக் கோப்பு என் அலுமாரியில் இருக்கிறது.

அண்ணர் வீட்டு விறாந்தையை என் மனைவி கிழமைக்கு இரண்டு தரம் கழுவுகிறாள். யன்னல் சீலைகளைத் தோய்க்கிறாள். கதிரை உறைகளைத் தோய்க்கிறாள். கிளாக்கரின் சாக்கைக்கூடத் தோய்க்கிறாள். கூட்டுக்குள் கிடக்கும் சேலையைத் தோய்க்கவில்லை.